பச்சையிலிருந்து நீலத்துக்கு: பிரிட்டிஷ் ரயில் டீசல் இன்ஜின்களின் கலப்பு நிறக் காலம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பிரிட்டிஷ் ரயில் படங்களுக்கு ஆண்டு குறிக்க முயல்பவர்களும், 1:76 அளவில் மாடல் செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் முக்கியமாக 1964 முதல் 1978 வரையிலான காலத்தைப் பற்றியவை. 'நிறம்' என்று இங்கே சொல்வது உடல் பெயின்டை மட்டுமல்ல. முகப்பின் மஞ்சள், சின்னம், எண், எழுத்துரு எல்லாமே அதில் அடங்கும்.

இந்த மாற்றம் எப்போது, எதனால் தொடங்கியது?

1950-களின் பிற்பாதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் வந்த டீசல் இன்ஜின்களில் பெரும்பாலானவை கரும்பச்சை. பக்கவாட்டில், சக்கரம் ஏந்திய சிங்கச் சின்னம். 1964-ல் எக்ஸ்பி64 என்ற சோதனை ரயிலுக்காக டி1733 என்ற கிளாஸ் 47 ('கிளாஸ்' என்பது இன்ஜின் வகுப்பு) இன்ஜினுக்குப் புதிய நீலம் அடித்தார்கள். கேபின் பக்கத்தில் சிவப்புப் பலகை, அதன் மேல் இரட்டை அம்புச் சின்னம். அந்த நீலம் பின்னாளில் நிலைபெற்ற 'ரயில் புளூ'வைவிட வெளிர். 1965 ஜனவரியில் லண்டன் டிசைன் சென்டரில் நடந்த கண்காட்சியில் புது அடையாளம் மொத்தமாக வெளியானது: இரட்டை அம்பு, 'பிரிட்டிஷ் ரயில்' என்ற சுருக்கப் பெயர், ரயில் ஆல்ஃபபெட் எழுத்துரு, ரயில் புளூ. அம்புச் சின்னத்தை வரைந்தவர் டிசைன் ரிசர்ச் யூனிட் என்ற வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரால்ட் பார்னி. எழுத்துரு ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வெர்ட் இருவரின் வேலை.

1965-ல் அறிவித்துவிட்டார்கள் என்றால், 1975 படத்தில் பச்சை இன்ஜின் எப்படி வந்தது?

அறிவிப்பு வெளியான நாளில் பெயின்ட் மாறிவிடாது. இன்ஜின் முழு ஓவர்ஹாலுக்காகப் பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போதுதான் உடல் முழுக்கச் சுரண்டி, புட்டி போட்டு, புது நிறம் அடிப்பார்கள். க்ரூ, டார்பி, டான்காஸ்டர், ஸ்விண்டன், கிளாஸ்கோ போன்ற இடங்களில் இந்த வேலை நடந்தது. இரண்டு முழு ஓவர்ஹாலுக்கு இடையே பல ஆண்டுகள் ஓடிவிடும். நடுவில் வரும் சிறு ரிப்பேருக்குச் சேதமான இடத்தில் டச்-அப், மேலே ஒரு கோட் வார்னிஷ், அவ்வளவுதான்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1966-ல் புதுப் பச்சை அடித்து வெளிவந்த இன்ஜினை 1968-லேயே நீலமாக்க யாரும் காசு செலவழிக்க மாட்டார்கள். சீக்கிரம் கழிக்கப்போகும் வகுப்பு என்றால் சுத்தம். பச்சையிலேயே ஓடி, பச்சையிலேயே பழைய இரும்புக்குப் போய்விடும்.

ஒரு படத்தைப் பார்த்து ஆண்டு சொல்வது எப்படி?

'இது எந்த ஆண்டின் லிவரி (நிற அமைப்பு)?' என்று கேட்டால் விடை கிடைக்காது. உடல் நிறம், முகப்பு மஞ்சள், சின்னம், எண், ஹெட்கோட் பெட்டி (முகப்பில் ரயிலின் குறியீட்டைக் காட்டுவது) ஆகிய ஐந்தும் தனித்தனிக் கால அட்டவணையில் மாறியவை. ஒவ்வொன்றையும் தனியாகப் படித்து, 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்ற எல்லையை எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக வரும் எல்லைதான் படத்தின் கீழ் எல்லை.

முகப்பு மஞ்சள்: முதலில் மஞ்சளே கிடையாது. டீசல் நீராவி இன்ஜினைப்போல இரைந்துகொண்டு வராததால், தண்டவாளத்தில் வேலை செய்பவர்கள் தூரத்திலிருந்தே பார்க்கும்படி 1960-களின் தொடக்கத்தில் சிறிய மஞ்சள் பலகை வந்தது. முகப்பு முழுவதும் மஞ்சள் பரவலானது 1967-ஐ ஒட்டி.

'டி' எழுத்து: நீராவி இன்ஜின் எண்ணோடு குழம்பாமலிருக்க டீசலுக்கு முன்னால் போட்டது. 1968 ஆகஸ்ட் 11-ல் கடைசி மெயின்லைன் நீராவிச் சிறப்பு ரயில் ஓடியது. அதன்பிறகு அந்த எழுத்துக்கு வேலையில்லை.

ஐந்து இலக்க எண் (40106, 47401 மாதிரி): இன்ஜின்களையும் பெட்டிகளையும் கண்காணிக்கும் டாப்ஸ் என்ற கணினி முறைக்கான எண். பெரும்பாலும் 1973, 1974-ல் அடித்தார்கள். வகுப்பு எண்கள் 1968-லேயே தாளில் தயாராகிவிட்டன, இன்ஜினில் ஏறத்தான் தாமதம்.

ஹெட்கோட்: நான்கு எழுத்துப் பெட்டியில் ரயிலின் குறியீட்டைக் காட்டும் வழக்கம் 1976 ஜனவரியில் நின்றது. திரைச்சுருளை '0000'-க்குத் திருப்பி விட்டுவிட்டார்கள். பிறகு பெட்டியைக் கறுப்புப் பலகையால் மூடி இரண்டு வெள்ளைப் புள்ளிகள் வைத்தார்கள். இதைப்போல நம்பத்தக்க சாட்சி வேறில்லை. பெட்டியில் '1எஸ்27' மாதிரி உண்மையான குறியீடு தெரிந்தால் படம் அநேகமாக 1976-க்கு முந்தையது. '0000' தெரிந்தால் பிந்தையது. ஷெட்டில் சும்மா நிற்கும் இன்ஜினில் மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். திரைச்சுருளை யாரும் எப்படியும் திருப்பி வைத்திருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: பச்சை உடல், முழு மஞ்சள் முகம், 'டி' இல்லாத பழைய எண் (டாப்ஸ் எண் அல்ல), பெட்டியில் உண்மையான குறியீடு. கீழ் எல்லை 1968 இலையுதிர்காலம், மேல் எல்லை 1974. உடல் நிறத்தை மட்டும் பார்த்தவர் '1963' என்று எழுதியிருப்பார்.

பச்சை உடலில் முழு மஞ்சள் முகம் உண்மையிலேயே இருந்ததா, மாடல்காரர்களின் கற்பனையா?

இருந்தது, ஏராளமாக. முகப்பை மஞ்சளாக்குவது பாதுகாப்பு விஷயம், உடலை நீலமாக்குவது அழகு விஷயம். முன்னதை முழு ஓவர்ஹாலுக்குக் காத்திருக்காமல் சிறு ரிப்பேரிலேயே முடித்துவிட முடிந்தது. அதனால் பத்தாண்டு பழைய பச்சை, அதில் பாதி தேய்ந்த சிங்கம், முகத்தில் மட்டும் பளிச்சென்று மஞ்சள் என்ற கோலத்தில் கிளாஸ் 40, 47, 25 என்று பல வகுப்புகள் ஓடின. 1970-களின் முற்பாதியை ஒரே இன்ஜினில் காட்ட வேண்டுமென்றால் எங்கள் தேர்வு இதுதான்.

எதிர்த்திசையில், நீல உடலில் சிறிய மஞ்சள் பலகை?

அதுவும் உண்டு, ஆனால் குறுகிய காலம். 1966 வாக்கில் நீலம் அடித்த சிலவற்றுக்கு, முழு மஞ்சள் வழக்கத்துக்கு வருவதற்கு முன் பழைய அளவுப் பலகையே கிடைத்தது. வெஸ்டர்ன் வகுப்பில் (கிளாஸ் 52) சிலவற்றை இப்படிப் பார்க்கலாம். அடுத்த ரிப்பேரிலேயே முகம் முழுக்க மஞ்சளாகிவிட்டது. மாடல் செய்தால் அந்தக் குறிப்பிட்ட எண்ணுக்குப் படச்சான்று இல்லாமல் செய்யாதீர்கள்.

'டி' எழுத்தை எப்படி எடுத்தார்கள்?

பெரும்பாலும் அசிரத்தையாக. அடுத்த முறை நிறம் அடிக்கும்போது 'டி' இல்லாமல் எழுதுவது ஒரு வகை. மற்றது, ஷெட்டிலேயே தூரிகையால் ஒரு சதுரம் பூசி மறைப்பது. கேபின் பக்கத்தை நெருங்கிப் பார்த்தால் தெரியும்: சுற்றிலும் வெயிலும் வாஷிங் பிளான்ட்டும் வெளுக்கவைத்த பச்சை, நடுவே விரல் நீளத்துக்கு ஈரம் காயாதது போன்ற கரும்பச்சைச் சதுரம். சாய்ந்த வெளிச்சத்தில் பழைய எழுத்தின் விளிம்பு அதற்குள் மேடாகத் தெரியும். மிச்ச நான்கு இலக்கங்களை நடுவுக்கு நகர்த்தவும் மாட்டார்கள். எண் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும்.

பல இன்ஜின்களில் யாரும் தொடவே இல்லை. 1972 படத்தில் 'டி' இருந்தால் தவறு என்று சொல்லிவிட முடியாது. 'டி' இல்லாமலிருப்பது சான்று, இருப்பது சான்றல்ல.

பழைய எண்ணிலிருந்து டாப்ஸ் எண்ணைக் கணக்குப் போட்டுவிடலாமா?

சில வகுப்புகளில் முடியும், ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. '000'-வில் முடியும் எண் டாப்ஸில் கொடுக்கப்படவில்லை. எனவே வரிசையின் முதல் இன்ஜினுக்கு வேறிடம் தேட வேண்டியிருந்தது. கிளாஸ் 40-ல் டி201 என்பது 40001, டி202 என்பது 40002 என்று நேராகப் போகும். முதல் இன்ஜினான டி200, விபத்துக்குப்பின் கழிக்கப்பட்ட டி322-ன் காலியிடத்தை எடுத்துக்கொண்டு 40122 ஆனது. டெல்டிக்கிலும் (கிளாஸ் 55) இதே கதை: டி9001 என்பது 55001, டி9000 மட்டும் கடைசிக்குப் போய் 55022. கிளாஸ் 47-ல் இந்த மாதிரி எளிய கழித்தல் கணக்கு ஓடாது. உட்பிரிவுகள் குறுக்கே வரும், பின்னாளில் ரயிலுக்கு மின்சாரம் கொடுக்கும் வசதி பொருத்தியபோது மறுபடியும் எண் மாறியவை பல. அட்டவணையைப் பார்க்காமல் மாடலில் எண்ணின் டிகால் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படம்) ஒட்டாதீர்கள்.

வெஸ்டர்ன் இன்ஜின்களில் 1976-லும் பழைய எண் ஏன்?

அவற்றின் எண் பெயின்டில் எழுதியதல்ல, வார்ப்பு உலோகத் தகடு. வகுப்பே கழிக்கப்படும் வரிசையில் இருந்தபோது தகட்டை மாற்ற யாருக்கும் அக்கறையில்லை. 1977 பிப்ரவரி 26-ல் கடைசி ஓட்டம் ஓடியபோதும் டி1000 வரிசை எண்தான். 'டி'யை நீக்க வேண்டுமென்ற விதியை நிறைவேற்ற, தகட்டிலிருந்த அந்த ஓர் எழுத்தின் மேல் மட்டும் உடல் நிறத்தைப் பூசியதும் உண்டு.

நிறக் குழப்பத்தில் இந்த வகுப்பை மிஞ்ச ஆளில்லை. 74 இன்ஜின்கள்தான். முதலாவது டி1000 மணல் நிறம், டி1015 பொன் மஞ்சள் கலந்த காவி, சில பச்சை, பெரும்பான்மை மெரூன், பிறகு எல்லாமே நீலம். நடுவில் மெரூன் உடலோடு முழு மஞ்சள் முகம் கொண்டவையும் உண்டு.

கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சையா நீலமா என்று கண்டுபிடிக்க வழி?

சாம்பல் அழுத்தத்தை நம்பாதீர்கள். கழுவாத பச்சையும் புது நீலமும் ஒரே சாம்பலாக விழும். சின்னத்தைப் பாருங்கள்: சிங்கம் என்றால் பச்சை அல்லது மெரூன், இரட்டை அம்பு என்றால் பெரும்பாலும் நீலம். பச்சையில் அம்பு ஒட்டியது விதிவிலக்கு. அடுத்தது பட்டை. கிளாஸ் 33, 'பீக்' என்று அழைக்கப்படும் கிளாஸ் 45, 46 போன்றவற்றின் பச்சை உடலில் நீளவாக்கில் வெளிர்ப் பட்டை ஓடும். நீலத்தில் அது கிடையாது. டெல்டிக், கிளாஸ் 47 இரண்டும் இரட்டைப் பச்சை என்பதால் உடலின் கீழும் மேலும் அழுத்தம் வேறுபட்டால் நீலம் அல்ல.

வண்ணப் படத்திலும் ஓர் எச்சரிக்கை. வயதான ஸ்லைடில் சாயம் சாய்ந்து, வெளுத்த நீலம் பச்சையாகவே தெரியும். தீர்ப்பு சொல்லுமுன் படத்திலுள்ள வேறு ஒரு பொருளின் நிறத்தோடு ஒப்பிடுங்கள், வானம் போதும்.

1961 படத்தில் நீல இன்ஜின் இருக்கிறதே?

மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். 25 கிலோவோல்ட் மின் இன்ஜின்களுக்கு 1960-ஐ ஒட்டியே 'எலெக்ட்ரிக் புளூ' என்ற பளிச்சென்ற நீலம் இருந்தது. ரயில் புளூவோடு அதற்கு உறவில்லை.

பச்சை உடல், முழு மஞ்சள் முகத்தோடு 1972-ன் கிளாஸ் 40 மாடல் செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது?

சிறிய மஞ்சள் பலகையோடு வரும் ரெடிமேட் பச்சை மாடலை வாங்குங்கள். நீலத்தை வாங்கிப் பச்சையாக்குவது வீண் உழைப்பு. சிங்கம் தொழிற்சாலை அச்சிலேயே நன்றாக வந்திருக்கும்.

உடலைச் சட்டத்திலிருந்து கழற்றி, கண்ணாடிகளை வெளியே தள்ளி எடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஓர் இரவு காயவிடுங்கள். இதன்பிறகு மூக்குப் பகுதியை வெறும் விரலால் தொட வேண்டாம்.

மஞ்சள் எங்கே முடிய வேண்டும் என்பதை உங்கள் இன்ஜினின் படத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மூக்கு கொண்ட வகுப்புகளில் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் மடிகிறது, மூக்கின் மேல்பகுதி சேர்கிறதா என்பது ஒர்க்‌ஷாப்புக்கு ஒர்க்‌ஷாப் வேறுபடும். எல்லையைத் தாமியா மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, வளைவில் மெல்லிய கீற்றாக வெட்டிய டேப்பைப் பயன்படுத்துங்கள். டேப் விளிம்பின் மேல் முதலில் சாட்டின் வார்னிஷ் ஒரு மெல்லிய கோட். இடுக்கில் கசிவதாக இருந்தால் அது வார்னிஷாகக் கசியட்டும், மஞ்சளாக வேண்டாம்.

அடுத்து வெள்ளை பிரைமர், பிறகு மஞ்சள். எனாமல் என்றால் பெயின்டும் தின்னரும் ஏறத்தாழ சரிபாதி, ஏர்பிரஷ் அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. மூன்று அல்லது நான்கு மெல்லிய கோட். வார்னிங் யெல்லோ கடையில் இரண்டு சாயலில் கிடைக்கும். 1980-களின் நடுவில் மஞ்சளின் சாயல் மாறியதால், அதற்கு முந்தைய காலத்துக்கானது என்று குறித்ததை எடுங்கள். கடைசிக் கோட் தொட்டால் ஒட்டாத பதத்தில், முழுக்க இறுகுமுன், டேப்பைத் தன்மேலேயே மடித்துத் தாழ்வாக இழுங்கள்.

48 மணி நேரம் கழித்து 'டி'யை மறைக்கும் சதுரம். பச்சையோடு ஒரு துளி கறுப்பு கலந்து, தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பு. விளிம்பு நேராக இருக்க வேண்டியதில்லை. மேலே பளபள வார்னிஷ், தேவையான டிகால், கடைசியில் சாட்டின் வார்னிஷ்.

என்னென்ன கெடும்?

மஞ்சளில் மறைக்கும் சக்தி குறைவு. பச்சையின் மேல் நேராக அடித்தால் எத்தனை கோட் போட்டாலும் எலுமிச்சைப் பச்சையாக நிற்கும். பொறுமை இழந்து தடிமனாக அடித்தால் கைப்பிடிகளும் கதவு வரிகளும் மூழ்கிவிடும். வெள்ளை பிரைமரைத் தவிர்க்க முடியாது என்பது இதனால்தான்.

டிகால் ஓரத்தில் வெள்ளிபோல மின்னினால் கீழே காற்று சிக்கியிருக்கிறது. மேட் பரப்பின் மேல் ஒட்டியதன் விளைவு. ஊசியால் குத்தி, டிகாலைப் படியவைக்கும் செட்டிங் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். அடுத்த முறை பளபள வார்னிஷ் போட்டபின் ஒட்டுங்கள்.

பழைய எண்ணை அழிக்க ஒயிட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியை அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள பச்சையும் பளபளத்துப்போகும். லேசாக, ஒவ்வோர் இலக்கமாக, அடிக்கடி குச்சியை மாற்றிச் செய்யுங்கள்.

காலப்பிழைகளில் எங்கள் கண்ணில் அதிகம் படுவது, பச்சை உடலில் டாப்ஸ் எண் ஒட்டிவிட்டுச் சிறிய மஞ்சள் பலகையை அப்படியே விட்டிருப்பது. 1974-க்குள் மெயின்லைன் இன்ஜின் முகம் மஞ்சளாகிவிட்டிருக்கும்.

பத்து இன்ஜின் கொண்ட மாடல் ரயில் லேஅவுட்டில் எது எத்தனை?

இது எங்கள் கைக்கணக்கு, பதிவேட்டுக் கணக்கல்ல. 1966 என்றால் ஒன்று மட்டும் நீலம், மற்றவை பச்சையும் சிறிய பலகையும். 1969 என்றால் நான்கு நீலம், நான்கு பச்சையும் முழு மஞ்சளும், இரண்டு பச்சையும் சிறிய பலகையும். 1972-ல் ஏழு நீலம், மூன்று பச்சை. 1976-ல் ஒன்பது நீலம். அழுக்கேறிய பச்சை ஒன்றே ஒன்று, அது கிளாஸ் 40 ஆக இருந்தால் பொருத்தம். நீலத்திலும் வயது வேறுபாடு காட்டுங்கள்: 1967-ன் நீலம் 1972-ல் சுண்ணாம்பு பூத்திருக்கும். பத்தும் ஒரே பளபளப்பில் நின்றால் அது பொம்மைக் கடை அலமாரி.

கிளாஸ் 50 வைத்திருப்பவர்களுக்குச் சிக்கலே இல்லை. 1967, 1968-ல் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே ஐம்பதும் நீலம். அந்த வகுப்பில் பச்சையைத் தேட வேண்டாம்.

பெட்டிகளும் இப்படித்தான் கலந்து ஓடினவா?

ஆம். நெடுந்தூரப் பெட்டிகளுக்கு நீலமும் சாம்பலும், புறநகர்ப் பெட்டிகளுக்கு வெறும் நீலம். மெரூன் பெட்டிகள் 1970-களின் தொடக்கம் வரை இடையிடையே வந்தன. சதர்ன் பகுதியில் அந்த இடத்தில் பச்சை. ஒரே ரேக்கில் ஏழு நீலச் சாம்பலுக்கு நடுவே ஒரு மெரூன் பார்சல் வேன் என்பது சகஜக் காட்சி.

நீராவி இன்ஜினுக்கு ரயில் புளூ அடித்ததுண்டா?

உண்டு. வேல்ஸில் வேல் ஆஃப் ரைடல் என்ற நேரோகேஜ் பாதையின் மூன்று இன்ஜின்கள். 1968-க்குப் பிறகும் பிரிட்டிஷ் ரயில் சொந்தமாக ஓட்டிய நீராவி இன்ஜின்கள் இவை மட்டும்தான். நீல உடலில் இரட்டை அம்போடு ஓடின.

1981-ல் எடுத்த படத்தில் பளபளக்கும் பச்சை டெல்டிக். தப்பிப் பிழைத்ததா?

இல்லை. டெல்டிக்குகள் எல்லாமே எப்போதோ நீலமாகிவிட்டன. 55002-க்கு 1980 கடைசியில் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்காக இரட்டைப் பச்சையை மறுபடி அடித்தார்கள். 40122-ம் 1983-ல் சிறப்பு ரயில்களுக்காகப் பச்சைக்குத் திரும்பியதே. நடுவில் நிற்பது 40106. பச்சையிலேயே கடைசிவரை வந்த இந்த இன்ஜின் 1978-ல் ஓவர்ஹாலுக்குப் போனபோது, நீலத்துக்குப் பதில் மீண்டும் பச்சையே பெற்றது. எனவே 1977-ல் எடுத்த 40106 படத்தில் இருப்பது தேய்ந்த பழைய பச்சை, 1979-ல் எடுத்ததில் புதுப் பச்சை. மாடல் செய்யும்போது இந்த இரண்டுக்கும் தனித்தனியாகவே அழுக்குப் பூச வேண்டும்.